கடலில் பிறந்து கரையேறிய குரல்

வானொலிப் பெட்டியொன்றை வீட்டில் வைத்திருப்பதற்கே அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்த காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கே அனுமதி வேண்டுமென்றால், ஒலிபரப்புவதற்கு? அந்த அனுமதியை 53 ஆண்டுகள் கழித்தே பெற்ற ஒரு நிலையத்தின் வரலாற்றை இன்று நோக்குவோம். அதன் பெயர் றேடியோ கரோலைன்.

பிரித்தானியாவில் 1927ஆம் ஆண்டிலிருந்து வானொலி பி.பி.சி.யின் ஏகபோக உரிமையாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இளைஞர்கள் விரும்பிய பொப் இசை அதில் சொற்பமாகவே ஒலித்தது. இசைத்தட்டுகளை ஒலிபரப்பும் நேரத்துக்கு இசைத்தட்டு நிறுவனங்கள் வரம்பு விதித்திருந்தமை அதற்கொரு காரணம். எனவே இரவானதும் இளைஞர்கள் லக்சம்பேர்க் வானொலியை நாடினர். நமக்கு இது புதிய கதையன்று. 1952இல் இந்திய அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் தேடி வந்தார்கள் அல்லவா?

ஆனால் லக்சம்பேர்க்குக்கும் கொழும்புக்கும் சொந்த மண்ணில் சட்ட அங்கீகாரம் இருந்தது. அயர்லாந்து இளைஞரான ரோனன் ஓராஹிலி நாடியதோ எந்த அரசின் சட்டமும் எட்டாத இடத்தை. தாம் முகாமை செய்த பாடகர் ஜோர்ஜி பேமின் இசைத்தட்டை ஒலிபரப்ப எவரும் முன்வராமையே அவரை இதற்குத் தூண்டியதெனச் சொல்வதுண்டு. டென்மார்க்கின் பழைய பயணிகள் கப்பலொன்றை வாங்கி, தந்தைக்குச் சொந்தமான கிறீனோர் துறைமுகத்தில் ஒலிபரப்புச் சாதனங்களைப் பொருத்தினார். 1964 மார்ச் 28, உயிர்த்த ஞாயிறுக்கு முன்தினம், மூன்று கடல் மைல் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்ட அக்கப்பலிலிருந்து கரோலைன் பேசத் தொடங்கியது. ஓராஹிலியின் பாட்டனார் 1916ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு வார எழுச்சியில் பிரித்தானியப் படைகளோடு போரிட்டு மாண்டவர்.

வேறு கப்பல்களும், போர்க்காலத்தில் கடலில் அமைக்கப்பட்டுக் கைவிடப்பட்ட கோபுரங்களும் விரைவிலேயே நிலையங்களாயின. அரசாங்கம் இவற்றைக் கடற்கொள்ளை வானொலிகள் என்றது. அதன் வாதம் முழுவதும் பொய்யன்று. அலைவரிசைகள் நாடுகள் உடன்பட்டுப் பங்கிட்டுக்கொண்ட பொதுச் சொத்து. அதில் ஒருவர் விரும்பியபடி புகுந்தால் இன்னொருவரின் குரல் கெடும். சட்டமில்லாத இடத்தில் வலியவனே சட்டமாவான் என்பதும் மெய்யாயிற்று. 1966 ஜூனில் ஷிவரிங் சாண்ட்ஸ் கோபுரத்தைப் பற்றிய தகராறில் றேடியோ சிற்றி நிலையத்தின் உரிமையாளர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1967 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் கடல் ஒலிபரப்புக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது கப்பல்களைக் கைப்பற்றவில்லை. அவற்றுக்கு உணவோ எரிபொருளோ கொடுப்பதும், விளம்பரம் வழங்குவதும், அங்கு பணிபுரிவதும் குற்றமென்றது. கயிற்றை அறுக்காமல் கிணற்றை வற்றச் செய்யும் தந்திரம் அது. மற்றைய நிலையங்கள் ஓய்ந்தன. கரோலைன் மாத்திரம் தொடர்ந்தது. 1968 மார்ச்சில் கடன் பாக்கிக்காக அதன் இரு கப்பல்களும் இழுத்துச் செல்லப்பட்டன.

ஆயினும் வென்றவர் யார்? 1967 செப்டெம்பர் 30இல் பி.பி.சி. தனது புதிய பொப் இசைச் சேவையான றேடியோ 1ஐ ஆரம்பித்தபோது, அதில் முதலில் ஒலித்த அறிவிப்பாளரின் குரல் ரொனி பிளக்பேர்னுடையது. கரோலைனில் பழகிய குரல் அது. ஆளைத் தடுத்த அரசு, அவரது பாணியை ஏற்றுக்கொண்டது. 1973இல் தனியார் வர்த்தக வானொலிகளும் தரையில் அனுமதிபெற்று இயங்கத் தொடங்கின. கரோலைனுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

1972இல் அது மீண்டும் கடலுக்கு வந்தது. 1980 மார்ச் 20இல் அதன் மி அமிகோ கப்பல் புயலில் மூழ்கியது. 1983இல் றொஸ் றிவெஞ்ச் என்ற கப்பலிலிருந்து திரும்பவும் பேசியது. 1991 நவம்பரில் அக்கப்பலும் குட்வின் மணற்றிட்டில் தரைதட்ட, கடல் வாழ்வு முடிந்தது. பின்னர் குறுங்கால அனுமதிகளும், செய்மதியும், இணையமும் அக்குரலைக் காத்தன.

இறுதியில் 2017இல் சமூக வானொலி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அவ்வாண்டு டிசெம்பர் 22இல் 648 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையில் கரோலைன் சட்டபூர்வமாக ஒலித்தது. அந்த அலைவரிசை 2011 வரை பி.பி.சி. உலக சேவைக்குரியதாக இருந்தது. எவருடைய ஏகபோகத்தை எதிர்த்துக் கடலுக்குச் சென்றதோ, அவர்கள் விட்டுச்சென்ற இடமே அதற்கு வாய்த்தது.

கப்பலில் 50 கிலோவாட் வலுக்கொண்ட ஒலிபரப்பியை வைத்திருந்த நிலையத்துக்கு, தரையில் முதலில் அனுமதிக்கப்பட்டது ஒரு கிலோவாட் மாத்திரமே. ஒரு தேசத்தைத் தட்டியெழுப்பிய குரலுக்கு இரண்டொரு மாவட்டங்கள்! மத்திய அலையைக் கேட்போரும் அருகிவிட்ட காலம் அது. 2020 ஏப்ரலில் மறைந்த ஓராஹிலி அந்த அனுமதியைக் காண உயிரோடிருந்தார் என்பதே ஆறுதல். அலைவரிசைக்கு ஒழுங்கு வேண்டும், அனுமதிப்பத்திரமும் வேண்டும். ஆனால் அதை வழங்குவோர், கேட்போரின் செவியையும் காலத்தையும் அறிந்து வழங்கவேண்டும். ஊர் உறங்கியபின் கிடைக்கும் அனுமதியால் பாடகனுக்கு என்ன பயன்?