ஊசியை எடுக்காதீர்கள்

‘ஆல்பம்’ என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார்களுக்குக் கல்யாணப் போட்டோக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் பிசகு ஒன்றும் இல்லை. சங்கீதத்துக்கு அந்தப் பெயர் வந்ததே போட்டோ ஆல்பத்தைப் பார்த்துத்தான். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு கோலோச்சிய நாளில், 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் பாட்டு அடங்காது. பீதோவனின் ஸிம்பனி ஒன்றை விற்க வேண்டுமானால் பல தட்டுகளாகத் துண்டு போட்டாக வேண்டும். அந்தத் தட்டுகளைக் காகித உறைகளில் இட்டு, உறைகளைப் புஸ்தகம் போலப் பைண்டு செய்து கொடுத்தார்கள். அதுதான் ஆல்பம்.

நம் ஊரிலும் இதற்கு ஒப்பான ஒன்று இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் ‘நாடக செட்’ என்று விற்றார்கள். மேடையில் விடிய விடிய நடந்த புராண நாடகத்தைச் சுருக்கி, பாட்டும் வசனமுமாகச் சில தட்டுகளில் அடைத்து, பெட்டியோடு தருவார்கள். ஏவி.எம். செட்டியார் சினிமாவில் பெரும்புள்ளி ஆவதற்கு முன்னால், சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் கிராமபோன் தட்டு வியாபாரம் செய்தவர்தான். ஆகவே, முழுதாகக் கேட்பதா, ஒற்றைப் பாட்டாகக் கேட்பதா என்ற வழக்கு நேற்றுக் கைப்பேசியோடு வந்ததல்ல. நம் பாட்டனார் காலத்திலேயே வாதியும் பிரதிவாதியும் கோர்ட்டுக்கு வந்துவிட்டார்கள்.

ஒற்றைப் பாட்டுக்காரரின் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது லேசான கட்சி அல்ல. எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் காலமானபோது அவருக்கு 27 வயது. அவர் மேடையில் பாடியதை நேரில் கேட்டவர் யாரும் இன்று நம்மிடையே இல்லை. நமக்கு மிஞ்சியிருப்பது மும்மூன்று நிமிஷத் துண்டுகள்தாம். அந்தத் துண்டில் ஒன்றை எடுத்து வையுங்கள். மூன்று நிமிஷத்துக்குள் அந்த மனிதர் குரலை எங்கே கொண்டு போய் நிறுத்துகிறார் என்று கேளுங்கள். குறைப்பட்டதாக யாருக்காவது தோன்றுமா? ராஜரத்தினம் பிள்ளை மணிக்கணக்காக வாசித்த தோடியும் இப்படித்தான் தட்டுக்குள் புகுந்து ஊர் ஊராகப் போயிற்று. திருவாவடுதுறையையே பார்த்திராதவர்கள் அந்தத் தட்டு தேயத் தேயக் கேட்டார்கள்.

இருந்தாலும் கச்சேரி என்று ஒன்று இருக்கிறதே! அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ஒரு பாணியை நிலைநிறுத்தினார். வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகள் சில பாடி, விஸ்தாரமான ராகத்துக்கு வந்து, தனியாவர்த்தனம் முடிந்ததும் துக்கடாக்கள், கடைசியில் மங்களம். இதில் நடுவே வரும் பெரிய உருப்படியை மட்டும் உருவியெடுத்துக் கேட்பது, தலைவாழை இலையில் சாம்பாரை மட்டும் பரிமாறிவிட்டுக் கை கழுவச் சொல்வது போலத்தான். சாம்பார் நன்றாகவே இருக்கலாம். விருந்து என்று அதற்குப் பெயர் இல்லை.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிஷம். இரண்டு பக்கமும் சேர்த்தால், ஆவடியில் லோக்கல் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிற நேரம். நம் நாட்டில் இந்தத் தட்டு வசதியுள்ளவர் வீட்டுச் சாமானாகவே வெகு காலம் இருந்தது. ஆனாலும் 1963-ல் வந்த ஒரு தட்டு எல்லார் வீட்டுக்குள்ளும் புகுந்தது: எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம். அதில் நடுச் சுலோகம் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தியவர்கள் உண்டா? முதலிலிருந்து கடைசி வரை ஓடும். அதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காப்பியும் இறங்கிவிடும்.

ரேடியோ எதிர்க்கட்சி. 1957-ல் விவித பாரதி தொடங்கிற்று. இலங்கை வானொலியோ அதற்கு முன்பே நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. நேயர் விருப்பத்தில் பெயர் வாசிக்கப்படுவதற்காகத் தபால் அட்டை எழுதிப் போட்டுக் காத்திருந்த ஜனம், ஒற்றைப் பாட்டுக்குத்தான் காத்திருந்தது. எந்தப் படம், யார் பாடியது என்ற விவரம் சொல்லுவார்கள். அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் படத்தில் என்ன இருந்தது என்பது யாருக்கும் அக்கறை இல்லை.

நான் அம்பத்தூரில் வளர்ந்தது காஸட் காலத்தில். பிலிப்ஸ் கம்பெனி அதை 1963-லேயே அறிமுகப்படுத்திவிட்டாலும், எங்கள் தெருவுக்கு அது வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று. எந்திரத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளை ரிக்கார்டிங் சென்டர் வாசலில் நிறுத்துவார்கள். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் வெளியே வரும். அதில் பன்னிரண்டு, பதினான்கு பாட்டுகளின் ஜாபிதா. அறுபது நிமிஷக் காஸட்டில் அவ்வளவுதான் பிடிக்கும். பதினைந்தாவது பாட்டுக்கு ஆசைப்பட்டால் சரணத்தின் நடுவில் ‘டக்’கென்று நின்றுவிடும். அந்த ஜாபிதாவை எழுதுவதற்கு ஒரு மாசம் யோசித்தவர்களை எனக்குத் தெரியும். எதற்குப் பின் எது வரவேண்டும் என்று அடித்து அடித்துத் திருத்தியிருப்பார்கள். ஒற்றைப் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்தவர்கள்தான். ஆனால் பொறுக்கியதைக் கோத்த விதத்தில் அவர்கள் ஒவ்வொருவரும் ஓர் ஆல்பம் செய்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் வாங்கும் படக் காஸட்டுக்கு வேறு மகிமை உண்டு. பெரும்பாலும் இந்தப் பக்கம் ஒரு படம், அந்தப் பக்கம் சம்பந்தமில்லாத இன்னொரு படம். பாட்டைத் தாண்டி ஓட்டினால் பாட்டரி செலவு. பென்ஸிலைச் செருகிச் சுற்றினால் கை நோகும். ஆகவே யாருக்கும் பிடிக்காத நாலாவது பாட்டையும் கேட்டோம். பத்தாவது தடவை அது கொஞ்சம் பழகிற்று. ஐம்பதாவது தடவை அதுவே உயிர் என்றாயிற்று. இன்று என் நெஞ்சில் தங்கியிருக்கும் பாட்டுகளில் பாதி அப்படிக் கூச்சத்தோடு பின்வரிசையில் நின்றவை. 1986-ல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்று படமும் இல்லாமல் பாட்டு வரியும் இல்லாமல் ஒரு காஸட் கொடுத்தாரே, அதை முழுக்கக் கேட்கும் பொறுமை தமிழ் ஜனங்களுக்கு இருந்ததற்கு, தாண்ட முடியாத அந்த நாடாவும் ஒரு காரணம்.

2003-ல் ஆப்பிள் கம்பெனி ஒரு பாட்டு 99 செண்ட் என்று கடை விரித்தபோது வழக்கு ஒருபக்கமாகச் சாய்ந்தது. இப்போது முதல் அரை நிமிஷத்தில் பிடிக்காவிட்டால் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. 2021-ல் அடேல் என்ற ஆங்கிலப் பாடகி, தன் ஆல்பத்தைக் குலுக்கிப் போடாமல் வைத்த வரிசையிலேயே கேட்கச் செய்ய வேண்டும் என்று கேட்டு, ஸ்பாட்டிஃபை கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். கதைக்கு வரிசை உண்டு என்று அந்த அம்மாள் சொன்னதாகப் படித்தபோது, நாவல் எழுதிப் பிழைக்கிறவனான எனக்கு எழுந்து நின்று கைதட்டலாம் போல் இருந்தது. என் சுயநலத்தை மறைப்பானேன்? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த குடும்பங்கள் எத்தனை! வாரம் ஓர் அத்தியாயம் இனித்தாலும், முழுதும் ஒன்றாகக் கைக்கு வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என் நாவலில் இருபத்திரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு ‘பிரமாதம்’ என்று ஒருவர் சொன்னால், நான் சந்தோஷப்படுவதா, அழுவதா?

பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாசம் வந்தால் இந்த வட்டாரம் முழுவதும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி, எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளை வைப்பார்கள். தட்டிலிருந்து காஸட்டுக்கு வந்து, இப்போது சுண்டுவிரல் அளவு பென் டிரைவில் இருக்கின்றன. சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் போன ஆடியில் பேசிக்கொண்டிருந்தேன். புதுக் கருவியில் போட்டதும் பாட்டுகள் பெயரின் எழுத்து வரிசைப்படி ஓடினவாம். கூழ் ஊற்றும் இடத்திலிருந்து கிழவிகள் நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். “இந்தப் பாட்டு முடிஞ்சா அடுத்தது அதுதானேப்பா வரணும்? அது வந்தாத்தானே நாங்க அடுப்பை அணைப்போம்!” என்றார்களாம்.

அவர் அன்று ராத்திரி உட்கார்ந்து, பழைய காஸட்டின் அட்டையைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் 1, 2, 3 என்று நம்பர் போட்டுவிட்டார்.