மலபார்த் தேக்கும் நிலவுடைமையும்: மரக்காப்புச் சட்டங்களில் உரிமைச் சிக்கல் (1806–1996)

ஆய்வுச் சுருக்கம்

தனியார் நிலத்தில் நிற்கும் மரம் யாருக்கு உரியது என்னும் வினா தென்னிந்தியச் சட்ட வரலாற்றில் இரு நூற்றாண்டுகளாகத் தொடர்கின்றது. மலபார்த் தேக்கின்மீது கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய முற்றுரிமை முதல் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு ஆணை வரை அவ்வினா பெற்ற விடைகளை இக்கட்டுரை ஆராய்கின்றது. மரத்தின் உரிமையை அரசே எடுத்துக்கொள்ளுதல், வெட்டுவதற்கு அனுமதி வேண்டும் எனக் கட்டுப்படுத்துதல், நட்டவருக்குப் பங்கு அளித்தல் ஆகிய மூன்று வழிமுறைகளும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: தேக்கு, மலபார், ஜன்மம், குழிக்காணம், தனியார் காடு, மரக்காப்பு

முன்னுரை

நிலமும் அதன்மேல் நிற்கும் மரமும் ஒருவருக்கே உரியவை என்னும் கருத்து தென்னிந்திய வழக்கில் எங்கும் ஏற்கப்பட்ட ஒன்றன்று. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை முதலியவற்றின் பயனை நுகர வழங்கப்படும் 2சி பட்டா, நிலம் அரசுக்கும் மரப்பயன் குடிக்கும் உரியதாகப் பிரித்துக் காட்டுகின்றது. மலபாரின் குழிக்காணம் என்னும் குத்தகை முறையும் இத்தகையதே. இதன்படி நிலம் ஜன்மிக்கு உரியது. அதில் தென்னை, கமுகு, பலா நட்ட குடியானவர் நிலத்தை விட்டு நீங்கும்போது மரங்களுக்கு ஈடு பெறுவார். மறுபுறம், திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை யாருடைய நிலத்தில் முளைத்தாலும் அரச மரங்களாகக் கருதப்பட்டன. ஆகவே மரத்தை நிலத்திலிருந்து பிரித்தெண்ணும் வழக்கம் குடிகளிடமும் இருந்தது, அரசிடமும் இருந்தது. பிற்காலச் சட்டங்கள் இவ்விரண்டில் எதனைப் பின்பற்றின என்பது ஆராயத்தக்கது.

கம்பெனியின் முற்றுரிமை (1806–1823)

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் மலபார் கம்பெனியின் கைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிவந்த காலம் அது. போர்க்கப்பல் கட்டுவதற்கு மலபார்த் தேக்கு தேவைப்பட்டது. 1806 நவம்பர் 10 அன்று கேப்டன் வாட்சன் முதல் காடு காப்பாளராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் வெளியான பிரகடனம், தேக்கின்மீதான அரசுரிமை கம்பெனிக்கே உரியது என்று கூறித் தனியார் வெட்டுதலைத் தடை செய்தது. 'காப்பு' என்னும் பெயரில் தொடங்கிய இவ்வேற்பாடு நடைமுறையில் மர வணிக முற்றுரிமையாகவே இயங்கியது.

இதனால் ஜன்மிகளும் மர வணிகர்களும் மனக்கசப்புற்றனர். தம் நிலத்து மரத்தைத் தாமே விற்க இயலாத நிலையில், அதனைப் பேணுவதால் உடைமையாளர் அடையும் நன்மை ஏதுமில்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தனியுடைமையையும் கட்டற்ற வணிகத்தையும் ஆதரித்து இம்முறையை எதிர்த்தார். 1823இல் காடு காப்பாளர் பதவி நீக்கப்பட்டது.

எனினும் உரிமையை மீளப் பெற்றவர்கள் மரங்களைக் காத்தனர் என்று கூற இயலாது. தடை நீங்கியபின் வெட்டுதல் பெருகியது. கப்பல் கட்டுவதற்கேற்ற பெருமரங்கள் குறைந்தன. 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்ததற்கு இப்பற்றாக்குறையே காரணம். முற்றுரிமை, கட்டின்மை ஆகிய இரண்டும் ஒரே தலைமுறைக்குள் தோல்வியுற்றமை இக்காலகட்டத்தின் முதன்மையான படிப்பினையாகும்.

வழக்குரிமையும் சென்னைக் காட்டுச் சட்டமும்

1878ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டம் சென்னை மாகாணத்திற்கு விரிவாக்கப்படவில்லை. காடுகள் யாவும் ஏதேனுமொரு கிராம எல்லைக்குள் அடங்குவன. மேய்ச்சல், விறகு, தழை ஆகியவற்றில் கிராமத்தாருக்கு நெடுங்கால உரிமை உண்டு என்பது சென்னை வருவாய் வாரியத்தின் நிலைப்பாடாக இருந்தது. இத்தகைய தயக்கத்தால் மாகாணத்திற்கெனத் தனியே 1882ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒதுக்குக் காடாக அறிவிக்குமுன் உரிமைக் கோரிக்கைகளை விசாரிக்க அச்சட்டம் வழிவகுத்தது.

ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த 1887ஆம் ஆண்டின் மலபார்க் குடிவார மேம்பாட்டு ஈட்டுச் சட்டம் குழிக்காணத்தின் அடிப்படைக் கருத்தைச் சட்டமாக்கியது. வெளியேற்றப்படும் குடியானவர் தாம் நட்ட மரங்களுக்கு ஈடு பெற உரியவரானார். மரம் நடுதலுக்குச் சட்டத்தின் வழியே ஊக்கமளித்த ஏற்பாடு என்னும் வகையில் இது தனித்து நோக்கத்தக்கது. காட்டுச் சட்டங்கள் வெட்டுபவரைக் கருதி எழுதப்பட்டன. இச்சட்டமோ நடுபவரைக் கருதி எழுதப்பட்டது.

அனுமதி முறையும் அதன் நீட்சியும்

விடுதலைக்குப் பின் ஜமீன் ஒழிப்பை எதிர்நோக்கிய காலத்தில் தனியார் காடுகள் அழியும் அச்சம் எழுந்தது. 1949ஆம் ஆண்டின் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், மலபார், தென் கன்னட மாவட்டங்களில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட தொடர்ச்சியான தனியார் காடுகளில் விற்பனைக்கும் மரம் வெட்டுவதற்கும் முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. உடைமை தனியாரிடமே நின்றது. அதன் பயன்பாடு மட்டும் கட்டுப்படுத்தப்பட்டது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் இதே முறையை மலையூர்களுக்கு விரித்தது. இதனால், தம் மனையில் நிற்கும் மரத்தை வெட்ட விரும்பும் வீட்டு உரிமையாளரும் குழுவின் அனுமதியைப் பெற வேண்டியவரானார்.

ஆனால் அனுமதி முறை அதே நிலையில் நின்றுவிடவில்லை. 1971ஆம் ஆண்டின் கேரளத் தனியார் காடுகள் சட்டம், 1949ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உட்பட்டிருந்த மலபார்க் காடுகளை, சில விலக்குகள் நீங்கலாக, இழப்பீடின்றி அரசுடைமையாக்கியது. வேளாண் சீர்திருத்தம் என்னும் அடிப்படையில் 1973இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. கட்டுப்பாட்டிற்காக வரையப்பட்ட எல்லையே பின்னர்க் கையகப்படுத்தலின் எல்லையாயிற்று. காப்புச் சட்டங்கள்மீது நிலவுடைமையாளர் கொள்ளும் ஐயத்திற்கு இவ்வரலாறு ஒரு காரணமாதல் கூடும்.

1996 ஆணையும் அரசமைப்பும்

1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் காடுகளைக் காத்தலை அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் அரசமைப்பில் சேர்த்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கி, 300ஏ உறுப்பின் கீழ்ச் சட்டவழி உரிமையாக்கியது. இவ்விரு மாற்றங்களும் தராசின் தட்டை மரத்தின் பக்கம் சாய்த்தன.

இப்பின்னணியில் எழுந்ததே கோதவர்மன் திருமுல்பாடு வழக்கு. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சார்ந்தவர், நீலகிரி மாவட்டக் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஜன்ம மரபினர் ஒருவரே காப்பு வேண்டி வழக்காடியது வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பமாகும். 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, உடைமை யாருடையதாயினும் அகராதிப் பொருளில் காடாக உள்ளவையும் அரசுப் பதிவேட்டில் காடெனக் குறிக்கப்பட்டவையும் 1980ஆம் ஆண்டின் காடு பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்படும் என்றது. 'யாருடையது' என்னும் வினாவைக் கடந்து 'எத்தன்மையது' என்னும் வினா முதன்மை பெற்றது. காடு எனக் கொள்ளத்தகாத தனி மனையின் ஒற்றை மரத்திற்கு மட்டும் பழைய வினாவே எஞ்சி நின்றது.

முடிவுரை

மரத்தின் உரிமையை அரசே கொள்ளும்போது, அதனை வளரவிடுவதில் நிலவுடைமையாளருக்கு நாட்டமில்லாது போகின்றது. சந்தனமரத்தின் வரலாறும் இதனை உணர்த்துகின்றது. பட்டா நிலச் சந்தனத்தின் உரிமையைக் கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத் திருத்தத்தால் நிலவுடைமையாளருக்கு வழங்கியமை, பழைய முறை பயன் தரவில்லை என்பதை அரசுகளே ஏற்றதற்குச் சான்று. அதே வேளையில், 1823க்குப் பிந்தைய மலபார் கட்டற்ற உரிமையின் விளைவைக் காட்டுகின்றது. வெட்டுவதற்கு அனுமதி, வளர்த்தவருக்குப் பயனில் பங்கு, கட்டுப்பாடு பறிமுதலாக மாறாது என்னும் உறுதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த சட்டம் மேற்கண்ட காலப்பகுதியில் காணப்படவில்லை. அவற்றுள் இரண்டாவதை ஏட்டில் எழுதா வழக்காகவே நெடுங்காலம் கொண்டிருந்த குழிக்காணம், இன்றைய சட்ட ஆக்கத்திற்கும் ஆராயத்தக்க முன்மாதிரியாகும்.