பெயருக்குப் பின்னால் வரும் புள்ளிகள்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தே பிழைத்தவன் நான். ஈய எழுத்துக் காலத்தில் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் எழுத்துக் கேஸில் முதலில் தீர்வது புள்ளிதான். பி.ஏ., பி.எஸ்ஸி., எம்.ஏ., பி.எட். என்று மாப்பிள்ளையில் தொடங்கிச் சித்தப்பா வரைக்கும் எல்லாப் பெயரும் புள்ளியோடு வரும். அடித்து முடித்த பாரத்தைக் கலைத்துக் கம்பாசிட்டர் புள்ளி பொறுக்குவார்.

அதற்கு முந்தைய தலைமுறையின் பத்திரிகைகளில் இந்தத் தொல்லை குறைவு. ஊர்ப்பெயர், சாதிப் பட்டம், நிலம் இருந்தால் ‘மிராசுதார்’. ஆள் பெரிய ஆள் என்பதற்கு அது போதும். வெள்ளைக்காரன் மனசு வைத்தால் ‘ராவ் பகதூர்’. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. விட்டவர்களின் பெயருக்குப் பின்னால் காலியான இடத்தில் படிப்பு வந்து உட்கார்ந்தது என்பது என் கணிப்பு.

அந்தப் படிப்புக்குப் பட்டம் கொடுத்த சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, அவருடைய ஆசிரியர் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை பிற்பாடு எங்கள் ஊரில்தான் வக்கீல் தொழில் பார்த்தார். 1887-ல் கலித்தொகையை அச்சிட்டார். அதே ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் அப்போது இங்கே அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. பல்கலைக்கழகம் ‘டாக்டர்’ கொடுத்தது 1932-ல், அவருக்கு 77 வயதானபோது.

அதே கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் கணித மேதை ராமானுஜன். சென்னைக்குப் போயும், பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-ல் அவர் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்திருந்தால் பெயருக்குப் பின்னால் போட ஒன்றும் இருந்திருக்காது. 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் துறைமுகக் குமாஸ்தா என்றுதான் தன்னைச் சொல்லிக்கொண்டார். கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது 1916-ல். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மகன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போனால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்!

அப்புறம் படிப்பு மட்டும் போதவில்லை. அடைப்புக்குறிக்குள் வேலை வந்தது: தாலுகா ஆபீஸ், எல்.ஐ.சி., பாங்க். பிறகு துபாய், சிங்கப்பூர். ஆப்செட் வந்த பிறகு அமெரிக்கா, கம்பெனிப் பெயர். மிராசுதார் பேரன், எங்கோ ஒரு கம்பெனியின் பெயரைத் தாத்தா பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொல்வான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். பெண் எம்.ஏ., மாப்பிள்ளை பி.காம். என்று எழுதிக் கொடுப்பார்கள். புரூப் பார்க்க வரும்போது பெண் வீட்டுக்காரரே பேனாவை எடுத்து அந்த எம்.ஏ.வை அடித்துவிடுவார். “எதுக்குங்க, மாப்பிள்ளை வீட்ல ஒரு மாதிரியா நினைப்பாங்க” என்பார். மாப்பிள்ளையின் படிப்பைக் குறைக்கச் சொல்லி எவரும் என்னிடம் வந்ததில்லை. இந்த வழக்கம் சுத்த அநியாயம்.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்களே, பெண் படித்ததை முழுசாகப் போடச் சொல்லுங்கள். எழுத்து கூடினாலும் அச்சுக்கூலி கூடாது.