மைக்ரோஃபிலிம்: வினிகர் வாசனை வருவதற்குள்

1/ பழைய தமிழ் நூல்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992ல் மறைந்தார். சித்த வைத்திய நூல்களும் அடங்கிய அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனா கடல் தாண்டிக் கொண்டுபோகல. 1994ல் சென்னையிலேயே நூலகமாச்சு.

2/ பொடியாகும் பக்கங்களைக் காப்பாத்த அங்க எடுத்த வழி மைக்ரோஃபிலிம். பக்கத்தைச் சுருக்கிச் சுருள்ல படம் பிடிக்கிறது. 1870-71 முற்றுகையில பாரிசுக்குப் புறாக்கள் சுமந்த கடிதங்களும் இதே நுட்பம்தான்.

3/ ஃபிலிமுக்கும் நோய் வரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தா பழைய அசிடேட் சுருள் சிதைஞ்சு அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தா வினிகர் வாசனை! பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். தொற்று நோயாளியைப் போல அதைத் தனியா வைக்கணும். பாலியஸ்டர் சுருள், குளிர்ச்சியா ஈரமில்லாம வச்சா, நூற்றாண்டுகள் தாங்கும்.

4/ அதான் அவசரமா ஸ்கேன் பண்ணணும். டிஜிட்டல் படத்தை எங்கிருந்தும் படிக்கலாம். ஆனா ஸ்கேன் முடிஞ்சதும் நல்ல சுருளைத் தூக்கிப் போடக்கூடாது. ஹார்டு டிஸ்க் செத்தா எல்லாம் போச்சு; சுருளைப் படிக்க வெளிச்சமும் லென்ஸும் போதும்.

5/ நம்ம ஓமலூர்க்காரங்களுக்கு: தாத்தாவோட வைத்திய நூல் பரண்ல கிடந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு நூலகத்துல காட்டுங்க. படம் பிடிக்கவும் பக்கம் மிஞ்சியிருக்கணுமே.