வாலிற் பிறந்த வசைச்சொல்

அஞ்சி ஒடுங்குபவனை ஆங்கிலேயர் 'கவர்ட்' என்பர். நாம் கோழை என்போம். ஒருவனைத் தலைகுனியச் செய்ய இவ்வொரு சொல்லே போதும். இத்துணைக் கொடுமை வாய்ந்த சொல் எங்கே பிறந்தது, எவ்வாறு வழங்கிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இலத்தீன் மொழியில் 'கௌடா' என்றால் வால். அதனடியாகப் பழைய பிரெஞ்சு மொழியில் 'கோவார்ட்' என்னும் சொல் தோன்றி, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திற் புகுந்தது. அஞ்சிய விலங்கு வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கும். புறங்காட்டி ஓடும் விலங்கின் வாலே நம் கண்ணிற் படும். இவற்றுள் ஒன்றே இப்பெயருக்குக் காரணமென அறிஞர் கருதுவர். இடைக்காலப் பிரெஞ்சு நரிக்கதையில் முயலின் பெயரே கோவார்ட். பிரபுக்களின் குலச்சின்னங்களில் வாலை ஒடுக்கி நிற்கும் சிங்கத்துக்கும் இப்பெயரே வழங்கிற்று. நாமும் 'வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினான்' என்கிறோமன்றோ?

ஆகவே இஃது வெளியே தெரியும் வாலைக் கண்டு இட்ட பெயர். உள்ளத்தை அறிந்து இட்ட பெயரன்று. விலங்குக்கு இது பொருந்தலாம். மனிதனுக்குப் பொருந்துமா?

முதல் உலகப் போரின்போது, பகைவர்முன் கோழைமை காட்டுதல் பிரிட்டிஷ் இராணுவச் சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றம். ஹாரி பார் என்னும் சிப்பாய் 1915இல் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் நரம்பு தளர்ந்து ஐந்து திங்கள் மருத்துவமனையிற் கிடந்தவர். மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்ட அவர், 1916 செப்டம்பரில், போர்முனைக்குச் செல்லத் தம்மால் இயலாதென்றார். அவர் பொருட்டு வாதாட ஒருவருமின்றி விசாரணை விரைந்து முடிந்தது. அக்டோபர் 18ஆம் நாள், 25 வயதில், பிரான்சு நாட்டில் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவிக்குக் கிடைத்துவந்த உதவித்தொகையும் நின்றது. பழிக்கு நாணி, அவ்வம்மையார் நெடுங்காலம் அதைப்பற்றி வாய் திறந்திலர்.

1930இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இக்குற்றத்துக்கு மரண தண்டனையை ஒழித்தது. 2006இல், கோழைமை, படையை விட்டோடல் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 வீரர்களுக்குச் சட்டத்தின் வழியே மன்னிப்பு வழங்கப்பட்டது. அச்சட்டம் பழைய தீர்ப்புகளை அழிக்கவில்லை. அம்மரணம் அவர்கள் பெறத்தக்க முடிவன்று என்பதை மட்டும் ஒப்புக்கொண்டது. அதற்கும் 90 ஆண்டுகள் சென்றன!

தோழர்களே! அச்சம் எல்லார்க்கும் உண்டு. நோயும், பசியும், முன்பட்ட அடியும் ஒருவனைத் தயங்கச் செய்யும். நம்மிடையே ஒருவர் தயங்கி நிற்பாராயின், 'கோழை' என்று கூவுமுன் அவர் பட்டது யாது என்று வினவுவோம். வாலைக் காண்பது எளிது. உள்ளத்தைக் காண்பதன்றோ மனிதர் கடன்!