வெண்கொடியின் கீழ்: ஜான் டி. லீயின் வாழ்வும் முடிவும்

1877-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா ஆட்சிப்பகுதியின் தென்பாகத்தில், மவுண்டன் மெடோஸ் என்னும் மலைப் புல்வெளியில், அறுபத்து நான்கு வயதுடைய ஒருவர் தமக்கெனச் செய்யப்பட்ட சவப்பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார். எதிரே துப்பாக்கி ஏந்திய வீரர்கள் ஆயத்தமாயிருந்தனர். மெதடிஸ்டு போதகர் ஒருவர் முழந்தாளிட்டு ஜெபித்தார். புகைப்படக்காரர் ஒருவரும் அங்கிருந்தார். தம்மைக் கைவிடாத மூன்று மனைவியருக்கும் தமது படத்தின் பிரதிகளை அனுப்புமாறு கைதி அவரைக் கேட்டுக்கொண்டார். உடலைச் சிதைக்காமல் இருதயத்தைக் குறிவைத்துச் சுடும்படி வீரர்களிடம் கூறினார். அப்படியே முடிந்தது. அவர் பெயர் ஜான் டி. லீ.

இருபது ஆண்டுகளுக்கு முன் அதே புல்வெளியில் ஏறத்தாழ 120 பேர் கொல்லப்பட்டனர். அக்கொலைக்காக நீதிமன்றம் தண்டித்தது இவர் ஒருவரை மட்டுமே. இவர் குற்றவாளியா, பலியாடா என்ற வினா எழுவது இயல்பு. இரண்டும் என்பதே என் முடிவு. ஆயினும் அவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது வரலாற்று மாணவனுக்கு எளிதன்று. மேய்ப்பனுக்கு இன்னும் கடினம்.

லீ 1812-இல் இல்லினாயின் கஸ்காஸ்கியாவில் பிறந்தார். சிசுவாகக் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார்; தந்தையோ மதுவுக்கு அடிமை. அன்பற்ற உறவினர் வீட்டில் வளர்ந்து, 1832-இன் பிளாக் ஹாக் போரில் வீரராகச் சேவித்தார். பின்னர் மணமுடித்து, நிலமும் வணிகமும் கண்டார். இந்நிலையில் மார்மன் நூல் அவர் கையில் கிடைத்தது. இறந்துபோன தம் சிறு மகளின் சடலத்தருகே இரவில் அமர்ந்து அதை வாசித்து முடித்ததாக அவரே எழுதியுள்ளார். 1838-இல் மிசூரிக்குச் சென்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தார். துக்கத்தில் இருக்கும் தகப்பன் எந்த நூலை எந்நேரத்தில் எடுக்கிறான் என்பதை நமது கோட்பாட்டு வகுப்புகள் கணக்கில் கொள்வதில்லை.

அவர் சேர்ந்த ஆண்டே அச்சபைக்குக் கொடிய ஆண்டாயிற்று. அக்டோபர் 27-ஆம் நாள் மிசூரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்கள் மாநிலத்தைவிட்டு விரட்டப்படவேண்டும், அன்றேல் ஒழிக்கப்படவேண்டும் என ஆணையிட்டார். மூன்று நாள் கழித்து ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர். அவ்வாணை 1976-இல்தான் முறையாக நீக்கப்பட்டது. 1844-இல் ஜோசப் ஸ்மித் கார்த்தேஜ் சிறையில் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மெய்க்காவலராக இருந்த லீ அந்நேரம் கென்டக்கியில், குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை ஆதரித்துப் பரப்புரை செய்துகொண்டிருந்தார். மார்மன்களைத் துன்புறுத்தியவர்களில் பலர் ஞாயிறுதோறும் ஏதேனும் ஒரு புரொட்டஸ்டன்டு ஆலயத்தில் அமர்ந்தவர்கள் என்பதை நாம் மறைக்கலாகாது. பின்னர் நடந்ததற்கு அது நியாயமாகாது. எனினும் அத்துன்பத்தின் நினைவின்றிப் பின்னதை விளங்கிக்கொள்ளவும் இயலாது.

ஸ்மித்துக்குப்பின் தலைமையேற்ற பிரிகாம் யங், அக்காலத்து மார்மன் முறைமைப்படி லீயைத் தமக்குச் சுவீகார மகனாகச் சபைச்சடங்கில் ஏற்றார். லீ 1848-இல் யூட்டாவுக்கு வந்து, சில ஆண்டுகளில் தென்பகுதிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டார். ஹார்மனி என்ற இடத்தில் கோட்டை கட்டி நிலம் திருத்தினார்; வாழ்நாளில் பத்தொன்பது பெண்களை மணந்தார். 1857-இல் அவர் வகித்த பொறுப்புகளே நாம் உற்றுநோக்கவேண்டியவை. ஹார்மனி சபையின் தலைவர் அவர். குடிமக்கள் படையில் மேஜர் அவர். கூட்டரசின் சம்பளம் பெற்று, பூர்வீகக் குடிகளான பையூட் மக்களுக்கு உழவு கற்பிக்கும் அலுவலரும் அவரே. 'இந்திய உழவர்' என்பது அப்பதவியின் பெயர். நம் நாட்டிற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று சொல்லவேண்டியதில்லை. மேலிடத்திலும் இதே நிலைதான். சபைத் தலைவர், ஆட்சிப்பகுதி ஆளுநர், பூர்வீகக் குடிகளுக்கான கண்காணிப்பாளர் ஆகிய மூன்றும் பிரிகாம் யங் ஒருவரே. மேஜராகிய லீ தவறினால் அவரைக் கண்டிக்கவேண்டிய மேய்ப்பன் யார்? அவரே. சபைத் தலைவராகிய லீ தவறினால் பிடிக்கவேண்டிய அரசு அலுவலர் யார்? அவரே, அல்லது அவரைப்போல் மும்முடி தரித்த மற்றொருவர்.

1857 கோடையில் குடியரசுத் தலைவர் புக்கானன், யங்கை ஆளுநர் பதவியினின்று நீக்கிப் படையொன்றை யூட்டாவுக்கு அனுப்பினார். மிசூரி மீண்டும் வருகிறது என மக்கள் அஞ்சினர். ஆகஸ்டில் ஜார்ஜ் ஏ. ஸ்மித் என்ற அப்போஸ்தலர் தென் குடியேற்றங்களைச் சுற்றிவந்து, படைகளைப் பார்வையிட்டும் போருக்கு ஆயத்தமாகும்படி பிரசங்கித்தும் சென்றார். அவ்வேளையில்தான் ஆர்க்கன்சாவிலிருந்து கலிபோர்னியா நோக்கிக் குடும்பங்களாய் வண்டிகளில் சென்ற கூட்டம் ஒன்று அவ்வழி வந்தது. அதே ஆர்க்கன்சாவில் அவ்வாண்டு மே மாதம் பார்லி பிராட் என்ற மார்மன் அப்போஸ்தலர் கொல்லப்பட்டிருந்தார். அம்மாநிலத்தவர் என்பதே சந்தேகத்தை வளர்த்தது.

செப்டம்பர் 7-ஆம் நாள் தாக்குதல் தொடங்கிற்று. பையூட் மக்களில் சிலரைத் தூண்டிச் சேர்த்துக்கொண்டு முன்னின்றவர் லீ. பயணிகள் வண்டிகளை வளைத்து அரணாக்கி ஐந்து நாள் எதிர்த்து நின்றனர். தண்ணீர் எட்டும் தொலைவில் இருந்தும் எடுக்க இயலவில்லை. இதற்கிடையே சீடார் சிட்டியின் சபைத் தலைவரும் படையில் மேஜருமான ஐசக் ஹெய்ட், யங்கின் கருத்தை அறிய ஜேம்ஸ் ஹாஸ்லம் என்ற தூதனைச் சால்ட் லேக் நகருக்குக் குதிரையில் அனுப்பியிருந்தார். ஒரு வழிப் பயணம் ஏறத்தாழ 250 மைல். ஆயினும் அவன் திரும்பும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. தாக்கியவர்களுள் வெள்ளையரும் உண்டு என்பதைப் பயணிகள் கண்டுகொண்டனர். அவர்கள் தப்பினால் செய்தி வெளியாகும். அச்சமே முடிவெடுத்தது. வட்டாரப் படைத்தலைவர் வில்லியம் டேமின் இசைவும் பெறப்பட்டது.

11-ஆம் நாள் வெள்ளிக்கிழமை லீ வெண்கொடியுடன் வண்டி அரணுக்குள் சென்றார். ஆயுதங்களை ஒப்படைத்தால் பூர்வீகக் குடிகளிடமிருந்து காத்துச் சீடார் சிட்டிவரை அழைத்துச்செல்வோம் என வாக்களித்தார். அவர்கள் நம்பினார்கள். சிறு குழந்தைகளும் காயமுற்றோரும் முன்னே வண்டிகளில் சென்றனர். பெண்களும் பெரிய பிள்ளைகளும் பின்னே நடந்தனர். கடைசியில் ஆண்கள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு படைவீரன். குறித்த இடத்தில் கட்டளை பிறந்தது. பக்கத்தில் நடந்தவனே சுட்டான். பெண்களையும் பிள்ளைகளையும் பதுங்கியிருந்தோர் தாக்கினர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 17 குழந்தைகள் மட்டும் விடப்பட்டனர். எவரும் ஏழு வயதைத் தாண்டாதவர்கள். அச்சபையில் ஞானஸ்நானம் பெறும் வயது எட்டு. அதற்குக் கீழ்ப்பட்டோர் குற்றமற்றவர் என்பது அவர்கள் போதனை. சாட்சி சொல்லும் வயதும் அன்று என்ற கணக்கும் இருந்திருக்கலாம். இறையியல் ஒன்று அவ்வளவு நுட்பமாக வயதெல்லையை வகுக்க வல்லதாயிருந்தும், வெண்கொடியை நம்பி வந்த தாய்மாரைக் காக்க வலுவற்றதாய் நின்றது. இந்தப் பகுதியைப் போதிக்கும்போது நான் எப்போதும் இங்கே சற்று நிறுத்திவிடுவேன், மாணவர்களும் பேசுவதில்லை.

ஹாஸ்லம் 13-ஆம் நாள் திரும்பினான். பயணிகளில் தலையிடவேண்டாம், போகவிடுங்கள் என்பது யங்கின் மடலில் இருந்தது. இரண்டு நாள் தாமதம்.

நவம்பரில் லீ, அலுவலர் என்ற முறையில், பழி முழுவதையும் பையூட் மக்கள்மேல் சுமத்தி யங்குக்கு அறிக்கை எழுதினார். எழுதப்படிக்கத் தெரியாத மக்கள்மேல் எழுதத் தெரிந்தவன் சுமத்திய பழி அது; நெடுங்காலம் அவர்களைவிட்டு அகலவில்லை. 1859-இல் இராணுவ அதிகாரி கார்ல்டன் சிதறிக்கிடந்த எலும்புகளைப் புதைத்து, கற்குவியல் அமைத்துச் சிலுவை நாட்டினார். பழிவாங்குதல் ஆண்டவருக்கே உரியது என்னும் ரோமர் 12:19-இன் வாக்கு அதில் பொறிக்கப்பட்டது. அவ்வாண்டே குழந்தைகள் மீட்கப்பட்டு ஆர்க்கன்சாவிலுள்ள உறவினரிடம் சேர்க்கப்பட்டனர். 1861-இல் யங் அவ்விடத்தைப் பார்வையிட்டார், கற்குவியல் இடிக்கப்பட்டது.

1870-இல் லீயும் ஹெய்ட்டும் சபையினின்று விலக்கப்பட்டனர். லீ கொலராடோ நதியின் தனிமையான கரையில் படகுத்துறை அமைத்தார். இன்றும் அது லீஸ் ஃபெரி எனவே வழங்குகிறது. 1874-இல் ஒன்பது பேர்மேல் குற்றச்சாட்டு பதிவாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் லீ பிடிபட்டார். 1875-இல் பீவர் நகரில் நடந்த முதல் விசாரணையில் நடுவர்குழு ஒருமனப்படவில்லை. மறு ஆண்டு, முழுதும் மார்மன்களாலான நடுவர்குழு அவரைக் குற்றவாளி என்றது. முன்பு வாய்திறவாத சாட்சிகள் இப்போது பேசினர், லீயைப் பற்றி மட்டும். டேமின்மீதிருந்த குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஹெய்ட் தலைமறைவாகவே வாழ்ந்து 1886-இல் இறந்தார். அவரையோ ஏற்கெனவே சபை மீண்டும் சேர்த்துக்கொண்டிருந்தது.

லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்துப் போக்காடு, சபையார் அனைவரின் பாவங்களும் உரக்க அறிக்கையிடப்பட்ட பின்னரே வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. இங்கோ அறிக்கை இல்லை; ஆடு மட்டும் அனுப்பப்பட்டது. லீயும் தம் பங்கை முழுதும் அறிக்கையிட்டவர் அல்லர். அவருடைய வாக்குமூலத்தை வழக்கறிஞர் பிஷப் 1877-இல் வெளியிட்டார். அதில் லீ அழுது மறுத்தவராகவும் மற்றோர் வற்புறுத்தியவராகவும் தோன்றுகின்றனர். மரணத்தின் வாசலில் எழுதியது என்பதற்காகவே அதை முழுதும் நம்பிவிடக்கூடாது. தந்தையென நேசித்த யங் தம்மைக் கோழைத்தனமாகப் பலியிட்டார் என்று சவப்பெட்டியின்மேல் அமர்ந்து அவர் கூறியதை மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை. ஐந்து மாதத்தில் யங்கும் காலமானார்.

உண்மை வெளிவந்தது பிறிதொரு வழியில். 1919 அளவில் நெவாடாவில் ஜுவனிட்டா என்ற இளம் பள்ளி ஆசிரியை இருந்தார். மார்மன் சபையின் மகள். அன்று புல்வெளியில் இருந்தவரான நெஃபி ஜான்சன் என்ற முதியவர் அவரிடம் வந்து, என் கண்கள் கண்டவற்றை என் வாய் இதுவரை சொன்னதில்லை, இறக்குமுன் எழுதிக்கொள் என்ற கருத்துப்படக் கேட்டார். பள்ளி வேலையின் நெருக்கத்தில் ஆசிரியை நாள் கடத்தினார். அவர் சென்றபோது முதியவர் மரணப்படுக்கையில் பிதற்றிக்கொண்டிருந்தார். இரத்தம் என்று கூவினாரேயன்றி வேறொன்றும் சொல்ல முடியவில்லை. அவ்வாசிரியைதான் பின்னர் ஜுவனிட்டா புரூக்ஸ் என அறியப்பட்ட வரலாற்றாசிரியர். 1950-இல் அப்படுகொலையின் வரலாற்றையும், 1961-இல் லீயின் வாழ்க்கையையும் வெளியிட்டார். தம் பாட்டனாரும் அன்று அங்கிருந்தவர் என்பதை அறிந்தே எழுதினார், சபையைவிட்டு விலகவுமில்லை.

1961-இல் லீயின் சபை உறுப்புரிமை மீண்டும் அளிக்கப்பட்டது. அதை வெளியிடவேண்டாம் என்று சபைத் தலைமையிலிருந்து அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் அடுத்த பதிப்பில் அதைச் சேர்த்தே அச்சிட்டார்.