செதில், ஒளி, கோணம்: கிள்ளான் கொசுக்களும் ஸ்டீரியோ நுண்ணோக்கியும்

பூச்சி மாதிரிகளை ஆராய ஸ்டீரியோ நுண்ணோக்கி பயன்படுவது அதன் உருப்பெருக்கத்தால் அன்று. கூட்டு நுண்ணோக்கி பல நூறு மடங்கு பெரிதாக்கும். ஸ்டீரியோ கருவி பெரும்பாலும் 7 முதல் 45 மடங்கோடு நின்றுவிடும். ஆனால் ஒளி புகாத முழு உடலை, மேலிருந்து விழும் ஒளியில், நேர் உருவமாக, ஆழத்தோடு காட்டுவது அதுதான். லென்சுக்கும் மாதிரிக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வெளி இருப்பதால் ஊசியில் குத்திய பூச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடிகிறது. அமெரிக்கரான ஹொராஷியோ கிரீனோ முன்வைத்த அமைப்பைக் கொண்டு ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் 1890களில் இக்கருவியை உருவாக்கியது. இரு கண்களுக்கும் தனித்தனிக் குழல்கள், அவற்றுக்கிடையே சிறு சாய்வு என்ற அந்த அடிப்படை இன்றும் பல கருவிகளில் தொடர்கிறது.

இக்கருவியின் வழியே பார்த்து எழுதப்படும் விவரணை எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கின் மலேரியாக் கொசுக்கள் நல்ல சான்று. 1901இல் கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்தும் காட்டை வெட்டியும் அவ்வூரிலும் அருகிலுள்ள போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியாவைத் தணித்தார். அதே காடுவெட்டல் உள்நாட்டுக் குன்றுகளில் நோயைப் பெருக்கியது. கரையோரத்தில் நிழல் படிந்த தேங்குநீரில் வளர்ந்தது அனோபிலிஸ் அம்புரோசஸ். குன்றுகளில் வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்ந்தது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். எந்த இடத்தில் எந்த இனம் என்பது தெரியாமல் கால்வாய் வெட்டியதற்கு விலை கொடுத்தவர்கள் தோட்டத்துத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்.

இவ்விரண்டையும் பிரிப்பது எளிது. மாக்குலேட்டசின் கால்களில் வெண்புள்ளிகள் சிதறியிருக்கும், பின்னங்கால் நுனி வெண்மையாக இருக்கும். அம்புரோசஸ் கரிய இறக்கை விளிம்பில் ஓரிரு வெளிர்ப்புள்ளிகளே கொண்டது. சிக்கல் அடுத்த படியில்தான். பூச்சியியலாளர் தியோபால்டு 1903இல் பெயரிட்ட அம்புரோசஸ் என்ற பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியிருந்தன. அவற்றுள் ஒன்றை ஏ. ஏ. சந்தோஷம் 1944இல் அனோபிலிஸ் லெட்டிபர் என்று தனியே பெயரிட்டு விவரித்தார். கரையோரச் சமவெளியில் மனிதருக்கு மலேரியாவைப் பரப்புவதில் லெட்டிபருக்கே முதன்மைப் பங்கு. அம்புரோசசின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் கண்ட ஒட்டுண்ணிகள் பெருமளவு சருகுமானைத் தாக்கும் மலேரியாவைச் சேர்ந்தவை என்பது பின்னர் வெளிப்பட்டது. எனவே 1944க்கு முந்திய பதிவுகளில் ‘அம்புரோசஸ்’ என்று இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மாதிரி எஞ்சியிருந்தால் மறுபடி பார்க்கலாம். பெயர் மட்டும் எஞ்சியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. 1968இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வெளியீட்டு வரிசையில் வந்த ஜே. ஏ. ரீடின் மலாயா, போர்னியோ அனோபிலிஸ் நூல், வளர்ந்த கொசுவோடு குடம்பியையும் கூட்டுப்புழுவையும் சேர்த்தே விவரிப்பதன் நியாயம், வளர்ந்த கொசுவை மட்டும் பார்த்தால் நேரக்கூடிய இத்தகைய குழப்பம்தான்.

அனோபிலிசை வகைப்படுத்த உதவும் அடையாளங்களில் பல செதிலின் நிறத்தைச் சார்ந்தவை. செதிலின் நிறமோ ஒளியைச் சார்ந்தது. மஞ்சள் சாய்ந்த ஹாலோஜன் விளக்கில் வெண்செதில் பாலாடை நிறம் காட்டும். நேரே விழும் கூர்ஒளியில் கருஞ்செதிலும் மினுங்கி வெளுப்பாகத் தெரியும். விளக்குக்கு முன் மெல்லிய வெள்ளைத்தாளை நிறுத்தி ஒளியைப் பரப்பி, மாதிரியைக் குறைந்தது இரு கோணங்களில் பார்த்த பிறகே நிறத்தை எழுதுவது முறை. ‘வெளிர்’ என்று மட்டும் சொல்லி, எந்த ஒளியில், எத்திசையிலிருந்து என்று சொல்லாத விவரணை அரைகுறையானது. வெளியாகும் கட்டுரைகளில் உருப்பெருக்கத்தைத் தவறாமல் குறிப்பவர்கள்கூட ஒளியைப் பற்றிப் பேசுவது அரிது.

மாதிரியின் நிலை இன்னொரு தடை. கொசுவை முக்கோண அட்டையின் நுனியில் மார்பின் பக்கவாட்டில் ஒட்டுவது வழக்கம். எதிர்ப்பக்கம் கெடாமல் கிடைக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் பூஞ்சை விரைவில் ஏறும் என்பதால் உலர்த்தியும் இறுக மூடும் பெட்டியும் இன்றியமையாதவை. ஆல்கஹாலில் இட்டால் உடல் தங்கும், செதில் உதிரும். குடம்பியின் மயிர்களோ ஸ்டீரியோ கருவிக்கு எட்டாதவை. கண்ணாடித் தகட்டில் பதித்துக் கூட்டு நுண்ணோக்கியில்தான் எண்ண வேண்டும். ஸ்டீரியோ லென்சின் எண் துளை (numerical aperture) பொதுவாக 0.1 அளவில் இருப்பதால் சுமார் 3 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த நெருக்கத்தில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகிவிடும். அதன்பின் பெரிதாக்குவதால் படம் வளரும், தகவல் வளராது.

அளவெடுப்பிலும் கவனம் வேண்டும். கிரீனோ வகைக் கருவியில் ஒரு குழலோடு இணைத்த கேமரா, மாதிரியைச் சில பாகை சாய்ந்தே பார்க்கிறது; படத்தில் எடுக்கும் நீளம் சற்றுக் குறைந்து வரும். கண்ணோக்கி அளவுகோலை ஒவ்வொரு பெருக்க நிலையிலும் தனித்தனியே சரிபார்த்தாக வேண்டும்.

உருவத்தால் பிரிக்க இயலாத இனங்களும் உண்டு. மாக்குலேட்டசே ஓர் இனக்குழு. தாய்லாந்தில் கிடைத்த அதன் உறுப்பினங்களை ஆய்வாளர்கள் ரத்தனரித்திகுலும் கிரீனும் 1986இல் முறைப்படி வரையறுத்தபோது குரோமோசோம் சான்றும் துணைநின்றது. இன்று டிஎன்ஏ சோதனை அவ்விடத்தைப் பெருமளவு பிடித்துள்ளது. ஆயினும் சோதனைக்குப் போவது பெரும்பாலும் ஒரு கால் மட்டுமே. கிடைத்த டிஎன்ஏ வரிசைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை, ஊசியில் நிற்கும் மீதி உடலை, இனத்துக்குப் பெயரிட அடிப்படையான மூல மாதிரியோடு ஸ்டீரியோ நுண்ணோக்கியில் ஒப்பிட்டே தீர்மானிக்க வேண்டியுள்ளது. அதனால் காலை எடுக்குமுன் இரு பின்னங்கால்களின் வளையங்களையும் பதிவு செய்வதும், எடுத்த காலின் எண்ணை அதே ஊசியின் சீட்டில் எழுதுவதும் விவரணைப் பணியின் பகுதியே.